லினக்ஸில் செயலி விவரம் தவறாகத் தெரிந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ உள்ள ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்தின் கணினிகளைப் பட்டியலிட முற்பட்டால், கணக்குப் பிரிவில் இன்டெல் மேசைக்கணினிகளும், உள்ளறையில் ஒரு ஏஎம்டி சர்வரும், அந்தச் சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளும், குளிர்பதன அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் ராஸ்பெரி பை பலகையும், சுவரில் மாட்டிய ரௌட்டரும் வரிசையாக வந்து நிற்கும். இவை அனைத்திலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல்தான் இயங்குகிறது. ஆனாலும், மேசைக்கணினியில் சரியாக ஓடிய பட்டியல் ஸ்கிரிப்ட், ராஸ்பெரி பையில் செயலியின் பெயரை வெற்றிடமாக விடும். மெய்நிகர் கணினியில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். ரௌட்டரில் கட்டளையே இல்லை என்று நின்றுவிடும்.

இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. செயலி விவரங்களைத் தரும் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ என்பது வட்டில் கிடக்கும் கோப்பு அன்று. யாரேனும் படிக்கும் அந்தக் கணத்தில் கர்னல் எழுதித் தரும் உரை. அதனை எழுதும் பகுதி கர்னலுக்குள் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி), ஆர்ம் (ராஸ்பெரி பை), மிப்ஸ், ரிஸ்க்-வி, பவர் என ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் தனித்தனியாக இருப்பதால், வரிகளின் பெயர்களும் அவற்றின் பொருளும் கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறுகின்றன. ஆகவே எத்தனை செயலிகள், என்ன பெயர், என்ன வேகம், என்னென்ன வசதிகள் என்ற நான்கு கேள்விகளையும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் கேட்பதே சரியான முறை. எண்ணிக்கை, வேகம் ஆகியவற்றுக்கு /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு என்ற கோப்புறைதான் நம்பத்தக்கது; அங்கே ஒரு கோப்புக்கு ஒரு தகவல் என்ற ஒழுங்கு பெரும்பாலும் காக்கப்படுகிறது. கீழே இதனைச் சிபியு கோப்புறை என்றே குறிப்பிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியுள்ளேன். முனையத்தில் அவற்றை வழக்கமான சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்; ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ், லாங்_பிட், எல்சி_ஆல்=சி, எல்எஸ்சிபியுவின் -ஜே ஆகியவை மட்டும் பெரிய எழுத்துகளில்.

அறிகுறி: உள்ளதைப்போல் இரு மடங்கு செயலிகள் தெரிகின்றன

முதலில் ஸ்கிரிப்ட் எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். சிபியுஇன்ஃபோவில் "ப்ராசசர்" என்ற சொல் எத்தனை வரிகளில் வருகிறது என்று சொல் தேடும் கட்டளையான கிரெப் -சி கொண்டு எண்ணும் பழக்கம் மிகப் பரவலானது. நான்கு செயலிகள் ஒதுக்கப்பட்ட ஒரு கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதி) மெய்நிகர் கணினியில் ஒவ்வொரு பதிவும் ஏறத்தாழ இப்படித் தொடங்கும்:

ப்ராசசர் : 0
வெண்டர்_ஐடி : ஜென்யூன்இன்டெல்
மாடல் நேம் : காமன் கேவிஎம் ப்ராசசர்

முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் அதே சொல், அதே சிறிய எழுத்துகளில் இருக்கிறது. கிரெப் இரண்டையும் எண்ணுவதால் நான்கு என்பது எட்டாகிவிடும். ஏஎம்டியின் எபிக் வகைச் சர்வர்களில் மாடல் நேம் வரி "16-கோர் ப்ராசசர்" என்பதுபோல் பெரிய எழுத்துடன் முடிவதால், சாதாரணத் தேடலில் தப்பிவிடும். எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாத -ஐ விருப்பத்தைச் சேர்த்தால் அங்கும் இதே இரட்டிப்பு நேரும். தேடலை வரியின் தொடக்கத்தோடு கட்டிவிட்டால் இது நீங்கும். ஆனால் ஐபிஎம் மெயின்ஃபிரேமில் செயலி வரியின் வடிவமே வேறு என்பதால், எண்ணுவதற்குச் சிபியுஇன்ஃபோவை நாடாமல் என்ப்ராக் --ஆல் என்ற கட்டளையையோ, சிபியு கோப்புறையின் ஆன்லைன் கோப்பையோ நாடுவதே மேல். அந்தக் கோப்பு "0-3" என்றோ "0,2-5" என்றோ வரம்பாகத் தரும். அதை ஓர் எண்ணாகக் கருதும் ஸ்கிரிப்ட் அங்கே வேறு விதமாகத் தவறும்.

எண்ணிய முறை சரியாக இருந்தும் எண்ணிக்கை இரு மடங்காகவே தெரிந்தால், அது பிழை அன்று. ஒரு கோருக்குள் (செயலியின் தனிக் கணிப்பு அலகு) இரண்டு த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் கட்டளை வரிசைகள்) ஓட்டும் செயலிகளில் கர்னல் ஒவ்வொரு த்ரெட்டையும் ஒரு சிபியுவாகவே எண்ணுகிறது. எல்எஸ்சிபியு கட்டளையின் வெளியீட்டில் "த்ரெட்(ஸ்) பெர் கோர்" என்ற வரி 2 என்று இருந்தால் காரணம் இதுதான். கோர் கணக்கில் உரிமத் தொகை கட்டும் மென்பொருள்களை வாங்கும் அலுவலகங்களுக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பணக்கணக்கு என்பதால், இங்கே தோராயம் கூடாது.

உண்மையான கோர் எண்ணிக்கையைப் பெற, மொத்தத்தை இரண்டால் வகுப்பது இப்போது எடுபடாது. இன்டெல் 2021-இல் வெளியிட்ட ஆல்டர் லேக் தலைமுறையிலிருந்து ஒரே சில்லில் இரு வகைக் கோர்கள் இருக்கின்றன. பெரிய கோர்களுக்கு இரண்டு த்ரெட், சிறிய கோர்களுக்கு ஒரு த்ரெட். ஐ7-12700கே செயலியை எடுத்துக்கொண்டால், பெரிய கோர் 8, சிறிய கோர் 4. த்ரெட் கணக்கு 16-உம் 4-உம் சேர்ந்து 20. இதனை இரண்டால் வகுத்தால் 10 வரும். உண்மையில் உள்ள கோர்களோ 12. கோர் ஐடி என்ற வரியை மட்டும் எண்ணுவதும் போதாது. இரண்டு சாக்கெட் (செயலி பொருத்தும் இடம்) உள்ள சர்வரில் இரு பக்கமும் அதே ஐடி எண்கள் திரும்ப வரும். எல்எஸ்சிபியு -பி=கோர்,சாக்கெட் என்று கேட்டு, # குறியுடன் தொடங்கும் குறிப்பு வரிகளை நீக்கி, சார்ட் -யு கொண்டு ஒரே மாதிரியான இணைகளை ஒன்றாக்கி, மீதமுள்ள வரிகளை எண்ணுங்கள். எக்ஸ்86-இல் ஒற்றைச் சாக்கெட், இரட்டைச் சாக்கெட், கலப்புக் கோர் என மூன்றிலும் இது சரியான விடை தரும்.

செயலியின் வசதிகளைக் குறிகளாகப் பட்டியலிடும், சிபியுஇன்ஃபோவின் ஃபிளாக்ஸ் வரியில் "ஹெச்டி" என்று இருப்பதைப் பார்த்து ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரில் இரு த்ரெட்) இயங்குகிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு சில்லில் ஒன்றுக்கு மேற்பட்ட தருக்கச் செயலிகள் இருக்கக்கூடும் என்பதையே அந்தக் குறி சொல்கிறது. ஹைப்பர்த்ரெடிங் அறவே இல்லாத இரட்டைக் கோர் செயலிகளிலும் அது தெரியும். இதற்கான நேரடி விடை சிபியு கோப்புறைக்குள் எஸ்எம்டி/ஆக்டிவ் என்ற கோப்பில் 1 அல்லது 0 என்று இருக்கிறது.

அறிகுறி: வாங்கியதைவிடக் குறைவான செயலிகளே தெரிகின்றன

சிபியு கோப்புறையில் பாசிபிள், பிரசென்ட், ஆன்லைன், ஆஃப்லைன் என்ற நான்கு கோப்புகளையும் ஒருசேரப் படியுங்கள். பிரசென்ட் "0-7" என்றும் ஆன்லைன் "0-3" என்றும் இருந்தால், கர்னல் எட்டையும் கண்டிருக்கிறது, ஆனால் நான்கை எவரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிரசென்ட் கோப்பிலேயே நான்குதான் என்றால், பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் கோர்கள் முடக்கப்பட்டிருக்கலாம். அல்லது மெய்நிகர் கணினிக்கு அவ்வளவுதான் ஒதுக்கப்பட்டிருக்கும். பாசிபிள் மட்டும் பெரிய எண்ணாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. பின்னாளில் சேர்க்கப்படக்கூடிய செயலிகளுக்காகக் கர்னல் விட்டுவைத்த இடம் அது.

அடுத்துப் பார்க்க வேண்டியது /ப்ராக்/சிஎம்டிலைன். கணினி தொடங்கியபோது கர்னலுக்குக் கொடுக்கப்பட்ட விருப்பங்கள் ஒரே வரியில் அங்கே இருக்கும். மேக்ஸ்சிபியுஸ், என்ஆர்_சிபியுஸ், நோஎஸ்எம்டி ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் காரணம் கிடைத்துவிட்டது. பாதுகாப்புக் காரணத்துக்காக மிட்டிகேஷன்ஸ்=ஆட்டோ,நோஎஸ்எம்டி என்று யாரேனும் முன்பு எழுதி வைத்திருந்தாலும், பாதிப்புக்குரிய செயலிகளில் த்ரெட் எண்ணிக்கை பாதியாகும். அதை உடனே அழித்துவிடாதீர்கள். அந்தச் சர்வரில் அயலாரின் மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றனவா என்று கேட்டறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

எல்எஸ்சிபியு எட்டு என்றும், என்ப்ராக் ஆறு என்றும் சொன்னால் இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. என்ப்ராக், தன்னை இயக்கிய செயல்முறைக்கு எந்தெந்தச் செயலிகளில் ஓட அனுமதி உண்டோ அவற்றை மட்டும் எண்ணும். டாஸ்க்செட் கொண்டு வரம்பிட்டிருந்தாலும், ஐசோல்சிபியுஸ் விருப்பத்தால் சில செயலிகள் பொதுப் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தாலும், அதன் விடை குறையும். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் என்ற சூழல் மாறிக்கும் அது செவிசாய்க்கும் என்பதால், கணிதப் பயிற்சிக்காக யாரேனும் அந்த மாறியைத் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்ட ஆய்வகக் கணினிகளில் இந்த வேறுபாடு அடிக்கடி தலைகாட்டும். வன்பொருளில் உள்ள மொத்தம் வேண்டுமெனில் --ஆல் சேர்த்துக் கேளுங்கள்.

அறிகுறி: கன்டெய்னருக்கு இரண்டு செயலிகள் ஒதுக்கியும் உள்ளே முப்பத்திரண்டு தெரிகிறது

டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் உறை) தெரியும் சிபியுஇன்ஃபோ, வெளியே உள்ள சர்வரின் சிபியுஇன்ஃபோவேதான். கன்டெய்னர் தனிக் கர்னலை ஓட்டுவதில்லை. --சிபியுஸ்=2 என்ற விருப்பம் செயலிகளை ஒளித்து வைப்பதில்லை, நேரத்தை மட்டுமே அளந்து கொடுக்கிறது. செயல்முறைகளுக்கு வள வரம்பிடும் கர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு இயங்கும் கணினிகளில், கன்டெய்னருக்குள் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிபியு.மேக்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் "200000 100000" என்று இருக்கும். 100000 மைக்ரோநொடிக்கு ஒருமுறை 200000 மைக்ரோநொடி செயலி நேரம், அதாவது இரண்டு செயலிகளின் முழு நேரம். முதல் இடத்தில் "மேக்ஸ்" என்ற சொல் இருந்தால் வரம்பு இல்லை.

பல நிரல்கள் இந்தக் கோப்பைப் படிப்பதில்லை. கம்பைல் செய்யும்போது மேக் -ஜே-க்கு என்ப்ராக்கின் விடையைக் கொடுப்பவர்கள், முப்பத்திரண்டு வேலைகளைத் தொடங்கி, இரண்டு செயலிகளின் நேரத்தில் அவற்றை நெருக்கி, நினைவகத்தையும் தீர்த்துக்கொள்கிறார்கள். ஜாவா இத்தகைய வரம்பை 10-ஆம் பதிப்பிலிருந்தும், சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் 15-ஆம் பதிப்பிலிருந்தும் அறிந்து நடந்துகொள்கிறது; மற்றவற்றுக்கு எண்ணை நீங்களே வெளிப்படையாகக் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. --சிபியுசெட்-சிபியுஸ் என்ற வேறொரு விருப்பத்தால் குறிப்பிட்ட செயலிகளோடு கட்டிவைத்தால் என்ப்ராக் அதற்கேற்பக் குறைத்துச் சொல்லும். இருப்பினும் சிபியுஇன்ஃபோ அப்போதும் முப்பத்திரண்டையே காட்டும்.

அறிகுறி: செயலியின் பெயர் வெற்றாக வருகிறது

இதுதான் ஆர்ம் பலகைகளில் முதலில் எதிர்ப்படும் தடுமாற்றம். எக்ஸ்86-இல் செயலியே தன் முழுப்பெயரையும் எழுத்துகளாக உள்ளே வைத்திருக்கிறது. கர்னல் அதை அப்படியே மாடல் நேம் வரியில் ஒப்பிக்கிறது. ஆர்ம் செயலிக்குள் பெயர் இல்லை, எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண்ணைப் பெயராக மாற்றுவது கர்னலின் வேலை அன்று என்பதால், 64-பிட் ஆர்ம் கர்னல் மாடல் நேம் வரியைப் பொதுவாக எழுதுவதில்லை. 32-பிட் கர்னல் எழுதும் "ஆர்ம்வி7 ப்ராசசர் ரெவ் 4" என்பதும் கட்டமைப்பின் பெயரே ஒழியச் செயலியின் பெயர் அன்று.

எண்ணிலிருந்து பெயரை எப்படிப் பெறுவது என்பதை ஒரு ராஸ்பெரி பை 4 பலகையைக் கொண்டே பார்ப்போம். சிபியு கோப்புறைக்குள் சிபியு0/ரெக்ஸ்/ஐடென்டிஃபிகேஷன்/மிடிஆர்_இஎல்1 என்ற கோப்பைப் படித்தால், முன்னாலுள்ள சுழிகளை நீக்கிய பின் 410எஃப்டி083 என்ற பதினாறடிமான எண் கிடைக்கும். இடமிருந்து வலமாகப் பிரியுங்கள். முதல் இரண்டு இலக்கம் 41, வடிவமைத்த நிறுவனம் ஆர்ம். அடுத்த 0, வேரியன்ட். அடுத்த எஃப், செயலியின் வசதிகளைத் தனிப் பதிவேடுகளில் பார்க்கவேண்டும் என்பதற்கான குறி. அடுத்த மூன்று இலக்கம் டி08, இதுவே பார்ட் எண். டி08 என்றால் கார்டெக்ஸ்-ஏ72. கடைசி 3, திருத்த எண். வேரியன்டையும் திருத்தத்தையும் சேர்த்து ஆர்0பி3 என்று எழுதுவது ஆர்ம் நிறுவனத்தின் வழக்கம். சிபியுஇன்ஃபோவில் சிபியு இம்ப்ளிமென்டர், சிபியு வேரியன்ட், சிபியு பார்ட், சிபியு ரிவிஷன் என்று நான்கு வரிகளாக வருபவை இதே எண்ணின் துண்டுகளே.

நம் பகுதியில் கிடைக்கும் பலகைகளுக்கு ஒரு சில பார்ட் எண்களை நினைவில் வைத்தால் போதும்: டி03 கார்டெக்ஸ்-ஏ53, டி05 கார்டெக்ஸ்-ஏ55, டி08 கார்டெக்ஸ்-ஏ72, டி0பி கார்டெக்ஸ்-ஏ76. ராஸ்பெரி பை 3-இல் முதலாவதும், 5-இல் கடைசியும் உண்டு. எல்எஸ்சிபியு இந்த அட்டவணையைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் புதிய பதிப்புகளில் பெயரைச் சொல்லிவிடும். பழைய வெளியீட்டில் நிற்கும் கணினியில், அதற்குப் பின் வந்த செயலிக்கு அது பெயர் தர இயலாது. எல்எஸ்சிபியு அடங்கிய யூட்டில்-லினக்ஸ் தொகுப்பைப் புதுப்பித்தால் பெயர் வந்துவிடும். கர்னலை மாற்ற வேண்டியதில்லை.

முதல் பதிவை மட்டும் படித்துவிட்டு நிறுத்தும் ஸ்கிரிப்ட்கள் ஆர்ம் பலகைகளில் இன்னொரு விதத்திலும் ஏமாறும். ஆர்கே3399 சில்லில் 0 முதல் 3 வரையுள்ள செயலிகள் கார்டெக்ஸ்-ஏ53. 4, 5 ஆகிய இரண்டும் கார்டெக்ஸ்-ஏ72. முதல் பதிவோடு நின்றால் வலிமையான இரண்டு கோர்களும் பட்டியலில் இடம்பெறாமலேயே போகும். எல்லாப் பதிவுகளின் சிபியு பார்ட் வரியையும் எடுத்து, ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ண வேண்டும். எது பெரிய கோர் என்ற ஐயம் எழுந்தால், ஒவ்வொரு செயலியின் கோப்புறையிலும் உள்ள சிபியு_கெபாசிட்டி கோப்பு உதவும். மிக வலிமையான கோருக்கு 1024 என்று வைத்து மற்றவற்றை அது ஒப்பிடுகிறது.

பலகையின் பெயர் வேறு, செயலியின் பெயர் வேறு. ராஸ்பெரி பையின் பழைய கர்னல்களில் ஹார்டுவேர் என்ற வரி எந்தப் பலகையிலும் பிசிஎம்2835 என்றே சொல்லும். பை 4-இல் உண்மையில் இருப்பது பிசிஎம்2711. அந்த வரியை நம்பாமல் /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ/மாடல் கோப்பைப் படியுங்கள். அதன் முடிவில் வரிமுறிவுக்குப் பதிலாக ஒரு சுழி பைட் இருப்பதால், பாஷ் ஸ்கிரிப்டில் அதை மாறியில் ஏற்றும்போது சுழி பைட்டைப் புறக்கணித்ததாக எச்சரிக்கை வரும். டிஆர் -டி கட்டளையால் அந்தப் பைட்டை நீக்கிவிட்டுப் பயன்படுத்தினால் அமைதியாகிவிடும். டிஎம்ஐடிகோட் கட்டளையை இத்தகைய பலகைகளில் முயல்வது வீண். அது படிக்கும் எஸ்எம்பயாஸ் அட்டவணை (பயாஸ் தரும் வன்பொருள் விவரப் பட்டியல்) பெரும்பாலும் அங்கே இருப்பதேயில்லை. எக்ஸ்86-இல்கூட அதன் மேக்ஸ் ஸ்பீட் என்ற வரியைப் பொருட்படுத்தாதீர்கள். மதர்போர்டு தயாரிப்பாளர் எழுதிய எண் அது, செயலி சொன்னது அன்று.

அறிகுறி: 64-பிட் என்று தெரிகிறது, ஆனால் 64-பிட் நிரல் ஓட மறுக்கிறது

யுனேம் -எம் கர்னலின் கட்டமைப்பைச் சொல்கிறது. ராஸ்பெரி பை 4-இல் 32-பிட் இயங்குதளத்தின் மேல் 64-பிட் கர்னல் ஓடுவது இயல்பான அமைப்பு. அங்கே யுனேம் ஏஆர்ச்64 (64-பிட்) என்றும், டிபிகேஜி --பிரின்ட்-ஆர்கிடெக்சர் ஆர்ம்ஹெச்எஃப் (32-பிட்) என்றும் சொல்லும். கெட்கான்ஃப் லாங்_பிட் என்று கேட்டால் 32 என்று வரும். எந்த நிரற்கோப்பைப் பதிவிறக்குவது என்பதை இயங்குதளத்தின் விடையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்86-இல், செயலிக்கு 64-பிட் திறன் உண்டா என்பதை ஃபிளாக்ஸ் வரியின் "எல்எம்" சொல்லிவிடும். யுனேம் -பி டெபியனில் "அன்னோன்" என்று மட்டும் சொல்வது வழக்கமே. அதில் ஆராய ஒன்றுமில்லை.

அறிகுறி: வேகம் பாதியாகத் தெரிகிறது, அல்லது படிக்கும்போதெல்லாம் மாறுகிறது

எக்ஸ்86-இல் சிபியு மெகாஹெர்ட்ஸ் வரி அந்தந்த நேரத்து வேகத்தைக் காட்டுகிறது. வேலையின்றி இருக்கும் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்வது இயல்பு. "விற்றவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றார், இது 800 மெகாஹெர்ட்ஸ்தான் காட்டுகிறது" என்று புதுச்சேரியில் பழைய மடிக்கணினி வாங்கிய மாணவர்கள் பதறுவதற்குக் காரணம் இந்த வரியே. உச்ச வேகத்தைச் சிபியு0/சிபியுஃப்ரெக்/சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரெக் கோப்பில் பாருங்கள். அங்கே டர்போ (தற்காலிகமாக எட்டும்) வேகமும் சேர்ந்திருக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். எண் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 1500000 என்றால் 1.5 கிகாஹெர்ட்ஸ். சுமை கொடுத்தும் வேகம் ஏறாவிட்டால் ஸ்கேலிங்_கவர்னர் கோப்பில் "பவர்சேவ்" என்று உள்ளதா என்று பார்க்க வேண்டும்; ஆனால் இன்டெல்_பிஸ்டேட் இயக்கியில் பவர்சேவ் என்பது வேகத்தை அடியில் பூட்டுவதில்லை, சுமைக்கேற்ப ஏற்றி இறக்கும். மெய்நிகர் கணினிகளில் சிபியுஃப்ரெக் கோப்புறையே பெரும்பாலும் இராது. வேகத்தைத் தீர்மானிப்பது வெளியே உள்ள சர்வர்.

ஆர்ம் சிபியுஇன்ஃபோவில் மெகாஹெர்ட்ஸ் வரி இல்லாததால், பலர் போகோமிப்ஸ் எண்ணை வேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். கர்னல் குறுகிய தாமதங்களை அளக்கத் தனக்கென வைத்துள்ள எண் அது. 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ராஸ்பெரி பை 4-இல் அது 108.00 என்று இருக்கும். பலகையின் 54 மெகாஹெர்ட்ஸ் டைமரிலிருந்து பிறந்த எண் அது, கோரின் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எக்ஸ்86-இன் போகோமிப்ஸோடு அதை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

வெயில் காலத்தில் மட்டும் ஒரு பலகை மெதுவாகிறது என்றால் வேறு வழியில் தேட வேண்டும். கடலூர் முதுநகரில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் ஓர் ஐஸ் தொழிற்கூடத்தில், அக்னி நட்சத்திர நாட்களில் சுவரில் பொருத்திய ராஸ்பெரி பை என்ன பாடு படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. செயலியின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் என்று கேளுங்கள். 0 வந்தால் குறையில்லை. பதினாறடிமானத்தில் 50005 வந்தால், வலக்கோடியில் உள்ள 5, இப்போது மின்னழுத்தம் குறைவாக உள்ளது, இப்போது வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. இடப்பக்கத்து 5, கணினி தொடங்கியதிலிருந்து அவ்விரண்டும் நேர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. 50000 என்றால் முன்பு நேர்ந்தது, இப்போது இல்லை. மின்னழுத்தக் குறையும் சேர்ந்திருந்தால் வெப்பத்தை மட்டும் குறை சொல்லாமல், கைப்பேசிச் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் அகற்றி, பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் அடாப்டரைப் பொருத்துங்கள். இன்டெல் கணினிகளில் இதற்கு இணையான சான்று, ஒவ்வொரு செயலியின் கோப்புறையிலும் உள்ள தெர்மல்_த்ராட்டில்/கோர்_த்ராட்டில்_கவுன்ட். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் காற்றாடியைத் தூசு தட்டி, வெப்பப் பசையை மாற்றும் வேளை வந்துவிட்டது.

அறிகுறி: தேவையான வசதி ஃபிளாக்ஸ் வரியில் இல்லை

மெய்நிகராக்கத்துக்கு இன்டெலில் விஎம்எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற குறி இருக்க வேண்டும். கர்னல் 5.6 முதல், பயாஸ் முடக்கி வைத்திருந்தால் விஎம்எக்ஸ் குறியையே கர்னல் நீக்கிவிடுகிறது. அதற்கு முந்தைய கர்னல்களில் குறி இருக்கும், கேவிஎம் மட்டும் ஏற மறுக்கும். ஆகவே குறி இல்லை என்றதும் செயலியைக் குறை கூறாமல், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் வெளியீட்டில் "டிசேபிள்டு பை பயாஸ்" என்ற சொற்களைத் தேடிவிட்டு, பயாஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள். ஃபிளாக்ஸ் வரியில் "ஹைப்பர்வைசர்" என்று இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒரு மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறீர்கள். வசதியை வெளியே உள்ள சர்வரில்தான் திறந்துவிட முடியும்.

"இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்ற ஒரே வரியோடு நிரல் செத்துவிழுவதும் இதே வகை. தரவுத்தள மென்பொருளான மாங்கோடிபி 5.0 எக்ஸ்86-இல் செயலியின் ஏவிஎக்ஸ் கட்டளைகளை எதிர்பார்க்கிறது. சர்வரின் செயலியில் அவை இருந்தும், மெய்நிகர் கணினிக்குக் கேவிஎம்64 என்ற பொதுவகைச் செயலியைத் தேர்ந்திருந்தால், உள்ளே அவை தெரியாது. செயலி வகையை "ஹோஸ்ட்" என்று மாற்றி, மெய்நிகர் கணினியை முழுவதுமாக அணைத்துத் தொடங்கினால் சரியாகும். வெறும் ரீபூட் போதாது. ரெட்ஹாட் 9 வகை இயங்குதளங்கள் எக்ஸ்86-64-வி2 நிலையை (செயலியில் இருக்க வேண்டிய கட்டளைத் தொகுப்பின் ஒரு படி) எதிர்பார்ப்பதால், மிகப் பழைய கணினிகளில் தொடக்கத்திலேயே நிற்கும். லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.33-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள கணினியில், அதன் லோடரை --ஹெல்ப் விருப்பத்துடன் இயக்கினால், எந்தெந்த நிலைகள் ஏற்கப்படும் என்று அதுவே பட்டியலிடும்.

ஆர்மில் ஃபிளாக்ஸ் என்ற வரியே கிடையாது. ஃபீச்சர்ஸ் என்ற வரியைத் தேடுங்கள்.

அறிகுறி: பக்ஸ் வரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று பெயர்கள் நீள்கின்றன

மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்பவை செயலிகளில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளின் பெயர்கள். அந்த வரி, வன்பொருளுக்கு எந்தெந்தக் குறைகள் உண்டு என்பதை மட்டும் சொல்கிறது. பாதுகாப்பு இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. அதற்குச் சிபியு கோப்புறையின் வல்னரபிலிட்டீஸ் துணைக்கோப்புறையைப் பார்க்க வேண்டும். "மிட்டிகேஷன்" என்று தொடங்கினால் தடுப்பு இயங்குகிறது. "வல்னரபிள்" என்று நின்றால் கர்னலையும் மைக்ரோகோடையும் (செயலிக்குள் ஏற்றும் திருத்த நிரல்) புதுப்பிக்க வேண்டும்.

அறிகுறி: எல்எஸ்சிபியு கட்டளையே இல்லை

ரௌட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் கருவிகளில் இது எதிர்பார்க்கத்தக்கதே. அங்கே கேட் கொண்டு சிபியுஇன்ஃபோவை நேரே படியுங்கள். மிப்ஸ் ரௌட்டரில் சிஸ்டம் டைப் என்ற வரி சில்லையும், சிபியு மாடல் என்ற வரி "மிப்ஸ் 24கேசி" என்பதுபோல் கோரையும் சொல்லும். கருவியின் பெயர் /டிஎம்பி/சிஸ்இன்ஃபோ/மாடல் கோப்பில் இருக்கும். ரிஸ்க்-வி பலகைகளில் ஐஎஸ்ஏ என்ற வரி ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி என்பதுபோல் வசதிகளை எழுத்து எழுத்தாகக் கோத்துத் தரும். ஹார்ட் (ரிஸ்க்-வியில் ஒரு வன்பொருள் த்ரெட்) என்ற வரியின் எண், ப்ராசசர் வரியின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கோப்பு திறக்கிறது, ஆனால் நிரலுக்குள் வெற்றாகவே வருகிறது என்றால், நிரல் முதலில் கோப்பின் அளவைக் கேட்டு அந்த அளவுக்குப் படிக்கிறதா என்று பாருங்கள். ப்ராக் கோப்புகளின் அளவு பெரும்பாலும் 0 என்றே காட்டப்படும். முடிவு வரும்வரை தொடர்ந்து படிக்கும்படி நிரலைத் திருத்த வேண்டும். எல்எஸ்சிபியுவின் வெளியீட்டை ஸ்கிரிப்டில் பிரித்தெடுப்பவர்கள், கணினியின் மொழி அமைப்புக்கு ஏற்ப அதன் சொற்கள் மாறக்கூடும் என்பதால், முன்னால் எல்சி_ஆல்=சி என்று சேர்த்துக்கொள்ளவும்; -ஜே விருப்பத்தால் ஜேசன் வடிவில் பெறுவது இன்னும் உறுதியானது.

இத்தனைக்குப் பின்னும் காரணம் பிடிபடாமல் அடுத்தவரிடம் உதவி கேட்பதானால், யுனேம் -ஏ, /ப்ராக்/சிஎம்டிலைன், எல்எஸ்சிபியு, சிபியுஇன்ஃபோவின் முதல் பதிவும் கடைசிப் பதிவும், ஆன்லைன் கோப்பின் உள்ளடக்கம் ஆகியவற்றை அப்படியே எடுத்து அனுப்புங்கள். கைப்பேசியில் எடுத்த திரையின் புகைப்படம் வேண்டாம், உரையாகவே அனுப்புங்கள். ராஸ்பெரி பையின் சிபியுஇன்ஃபோவில் கடைசியில் வரும் சீரியல் என்ற வரி அந்தப் பலகைக்கே உரிய தனி எண் என்பதால், அனுப்பும் முன் அதை மட்டும் நீக்கிவிடுங்கள்.